மரி பிரித்த நாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் பெண் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். கையில் இரண்டு புது மண்தொட்டி, ஒரு பை அடுப்புக்கரி, ஒரு பை தேங்காய் மட்டைத் துண்டு. "பெரியம்மா செடியில பாதி எனக்குக் குடுத்துடும்மா" என்று பத்து நாளாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். நானும் பத்து நாளாக "இப்போ சீசன் இல்லடீ" என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்க்கிட்டுக்கு எது சீசன் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்தச் செடியை அவள் கையில் எடுத்து உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

செடி என் அக்காவுடையது. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. என்னைவிட எட்டு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அரசாங்கப் பள்ளியில் கன்னட டீச்சர். தமிழ் வீட்டில் பிறந்த பெண் எப்படிக் கன்னட டீச்சர் ஆனாள் என்றால், அது எங்கள் அப்பாவின் கணக்கு. பெரியவளைக் கன்னட மீடியத்தில் போட்டால் நாளைக்கு அரசாங்க வேலை கிடைக்கும், சின்னவளைக் கான்வென்ட்டில் போட்டால் கம்பெனி வேலை கிடைக்கும் என்று பிரித்துப் போட்டார். அவர் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்தும் அவளுக்குக் கன்னடம் மூச்சு மாதிரி வரும். என்னுடையது பஸ் கன்னடம், மார்க்கெட் கன்னடம். 'பேட' என்றால் வேண்டாம். கவர் பேட, கொத்தமல்லி பேட. அதை மட்டும் வைத்துக்கொண்டே இந்த ஊரில் ஐம்பத்தெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

என் பெண்ணுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பா போய்விட்டார். அந்த மாதமே அக்கா இரண்டு சூட்கேஸோடும் இந்த ஆர்க்கிட் தொட்டியோடும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். நான் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்தால், வீடு திரும்பும்போது குழந்தை சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, பெரியம்மா மடியில் பாதித் தூக்கத்தில் இருப்பாள். பாத்திரம் கழுவிவிட்டு நான் போய் அவளைத் தூக்கினால் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தள்ளிவிட்டு "பெரியம்மா" என்பாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்கு வயிறு எரியும். அக்காவிடம் அதைச் சொல்ல முடியுமா? அவள் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. அதனால் சொல்லாமல் வைத்துக்கொண்டேன், இருபது வருடம்.

அக்கா அவளை 'மரி' என்றுதான் கூப்பிடுவாள். கன்னடத்தில் குட்டிக்கும் குஞ்சுக்கும் மரி. நாய்க்குட்டி என்றால் நாய்மரி. குழந்தையைச் செல்லமாகக் கூப்பிடவும் அதே சொல். ஆர்க்கிட்டின் பழைய தண்டில் கணுவுக்குக் கணு சின்னதாக இலையும் வேருமாக ஒரு குட்டிச் செடி முளைக்குமே, அதற்கும் அவள் வைத்த பெயர் மரிதான். லீவு நாள் காலையில் பால்கனியில் நின்று "மரி வந்திருக்கு பாரு" என்று சத்தம் போட்டால், செடியில் முளைத்ததைச் சொல்கிறாளா, என் பெண் தூங்கி எழுந்து வந்ததைச் சொல்கிறாளா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. கோயிலில் கேட்டு வளர்ந்த தமிழில் மரித்தல் என்றால் சாவு. குழந்தையைப் போய் அப்படிக் கூப்பிடாதே என்று ஒரு தடவை சொன்னேன். "உனக்குக் கன்னடம் வராதுன்னா அது என் தப்பா?" என்று சிரித்தாள்.

பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், ஒரு நாள் ஹைதராபாத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினாள். எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தாள். பெரியம்மாவிடம் சொல்ல தைரியம் இல்லாமல், கிளம்புவதற்கு முதல் நாள்தான் சொன்னாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் போனிலும் பேசவில்லை. இவள் கூப்பிடுவாள், அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடுவாள். எனக்கு முதலில் தெரிந்தது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் இருந்தது.

அந்த ஜனவரியில் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "நீங்க தமிழ்ல பேசறதெல்லாம் அவங்களுக்கு நல்லாப் புரியும். பதில்தான் வராது. வந்தாலும் கன்னடம்தான் வரும், அவங்க அதிகமாப் பேசினது அதுதானே." அப்படித்தான் ஆயிற்று. அக்காவிடம் மூன்றே சொல் மிஞ்சியது. நீரு என்றால் தண்ணீர். பா என்றால் வா. மூன்றாவது, குழறிக் குழறி, நாளுக்கு இருபது தடவை: "மரி பேட."

கட்டிலைப் பால்கனிக் கதவோரம் போட்டிருந்தோம். அவள் முகம் செடிப் பக்கம் இருந்தது. அதனால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மரி பேட, குட்டிகள் வேண்டாம். செடியில் அப்போது ஐந்து மரி முளைத்திருந்தது. பாவம், படுத்துக்கிடந்தாலும் செடி மேல்தான் நினைப்பு என்று போய், ஐந்தையும் கையாலேயே பிய்த்துக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். "எடுத்துட்டேன்க்கா, போதுமா?" என்றேன். அவள் அதைப் பார்த்தாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. நான் துண்டால் துடைத்துவிட்டு, மரிகளைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாளும் அதே சொல். செடியில்தான் ஒன்றும் இல்லையே, இன்னும் யாரை வேண்டாம் என்கிறாள் என்று யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை. வீட்டில் மரி என்று இன்னொருத்தி இருக்கிறாளே. அன்று சாயங்காலமே ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். பெண் டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். "வராதேடீ. பெரியம்மா 'மரி பேட, மரி பேட'ங்கறா. உன் மேல கோபம் இன்னும் போகல. உன்னைப் பார்த்தா பிபி ஏறிடும். நான் சமாதானம் பண்ணிட்டுச் சொல்றேன், அப்போ வா" என்றேன். அவள் "சரிம்மா" என்றாள். சமாதானம் பண்ண நான் ஒன்றும் செய்யவில்லை. ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள். பெண் வந்தபோது பெட்டியில் வைத்தாகிவிட்டது.

அடக்கம் முடிந்து நாலு மாதம் கழித்து, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ஊர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனில் வீட்டிலிருந்த பையனிடம் பேசிக்கொண்டே வந்தாள். கேஸை அணைக்கச் சொன்னாள் போலிருக்கிறது. இறங்கும்போது படியில் நின்றபடி இன்னொரு முறை சொன்னாள்: "மரீபேட கணோ. மரீபேட." அதே சொல். அதே பாட்டு. பின்னால் நின்ற கண்டக்டரிடம், "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மறக்காதடான்னு சொன்னாங்கம்மா. மரீபேடன்னா மறக்காதே" என்றார். ஐம்பத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்தவளுக்கு அது தெரியாதா என்பது அவர் பார்வையில் இருந்தது.

தெரியாதா? ரேடியோவிலும், பள்ளிக்கூட வாசலிலும், கடையிலும் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒரு எழுத்து நீண்டால் மறக்காதே, குறைந்தால் குட்டி வேண்டாம். அக்காவின் வாயோ கோணியிருந்தது, நீட்டியும் குறுக்கியும் சொல்ல அவளால் ஆகாது. இரண்டில் எதை வேண்டுமானாலும் நான் கேட்டிருக்கலாம். நான் கேட்டது இரண்டாவதை. காது மந்தம் என்றால் டாக்டரிடம் போகலாம். இதற்கு எங்கே போவது? அன்று பொம்மசந்திரா நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் அத்திப்பள்ளி வரைக்கும் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. கட்டிலைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் இன்று வரைக்கும் பால்கனிக்குப் போகும்போது அது கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். குறுக்கே நடக்கக் கால் வருவதில்லை. சமையலறையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குழறல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் கதவுத் திரை இருக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாடியில் யாராவது எதற்காவது 'பேட' என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தெரியாமல் செய்தது பாவமில்லை என்றார். தெரியாமல்தான் செய்தேனா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செடியில் மறுபடி மரிகள் வந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொன்றும் வேரை இறக்கி, அதே தொட்டிக்குள் இறங்கி, அதிலிருந்து இன்னொன்று முளைத்து, இரண்டு வருடத்தில் எது தாய், எது குட்டி என்று தெரியாமல் ஒரே புதராகிவிட்டது. வேர்கள் தொட்டி ஓட்டை வழியாக வெளியே வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டன. பூக்கவே இல்லை. ஹைதராபாத்திலிருந்து திரும்பி, கல்யாணமாகி, மல்லேஸ்வரத்தில் குடியேறிய என் பெண் ஒவ்வொரு முறை வரும்போதும் அதைப் பார்த்து "மூச்சு முட்டுதும்மா அதுக்கு, பிரிச்சு நடணும்" என்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்ற முடியவில்லை. பால்கனித் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தாள். காய்ந்த வேர் ஒடிந்துவிடும், ஊறினால் வளையும் என்றாள். ஊறியும் தொட்டி விடவில்லை. சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தொட்டியை உடைத்தாள். உடைந்த ஓட்டுச் சில்லுகள் வேரோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. "பிடுங்காதம்மா, அப்படியே இருக்கட்டும், சில்லோடவே நடலாம்" என்று என் கையைத் தட்டினாள். பழைய கரியை உதறி, கறுத்துப் போன வேர்களைக் கத்தரித்தாள். நல்ல வேர் எது, செத்த வேர் எது என்று விரலால் அழுத்தியே கண்டுபிடித்தாள். இலை உதிர்ந்து சுருங்கிப்போன தண்டுகளை நான் வெட்டப் போனபோது, "அது செத்துப்போகலம்மா, மத்ததுக்கு அதுலேருந்துதான் சாப்பாடு போகுது" என்றாள். எல்லாம் அக்காவின் கைப்பழக்கம். கத்தரியைக் கேஸ் அடுப்பில் காட்டி எடுத்த விதமும் அப்படியே.

தண்டுகளை விரலால் நீவி, எங்கே பிரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள். நடுவிலிருந்த ஒரு பழைய தண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கணுக்களில் காய்ந்த கிழிசல்.

"இது யாரும்மா பிச்சது? அஞ்சு எடத்துல இருக்கு. பெரியம்மா இப்படிப் பிய்க்க மாட்டாளே. மரிய கத்தி வெச்சுதானே எடுப்பா."

வேலைக்காரி என்று சொல்லியிருக்கலாம். புறா என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். மூன்று வருடமாகத் தயாராக வைத்திருந்த பொய்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. "நான்தான்" என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. கட்டில், ஐந்து மரி, குப்பைக் கூடை, போன், பஸ்ஸில் வந்த பெண், கண்டக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். "அது மரி பேட இல்லடீ. மரீபேட. மறந்துடாதேன்னு கெஞ்சியிருக்கா. உன்னை வேணாம்னு அவ சொல்லவே இல்ல. உன்னை வரவிடாமப் பண்ணது நான். எனக்கு உன் மேல, அவ மேல, இருந்த பொறாமை அது. நீ அவகிட்டதானே ஓடுவ" என்றேன். அழவில்லை. அழுதால் அவள் எழுந்து வந்து என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது இன்னும் அக்கிரமம் என்று நினைத்தேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. வெட்டிய இடத்தில் பட்டைத் தூளைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுக்காயம் அழுகாமல் இருக்க அப்படி வைப்பது. திட்டுவாள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், இனிமேல் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ அன்னிக்குப் போன் பண்ணப்ப, பின்னாடி பெரியம்மா குரல் கேட்டுச்சு. நீ பேசப் பேச அவளும் சொல்லிட்டே இருந்தா. மரீபேடன்னுதான் சொன்னா. தெனமும் ஹோம்வொர்க் சொல்லிக் குடுத்துட்டு கடைசியா அதைத்தானே என்கிட்ட சொல்லுவா? எனக்கு எப்படி அது தெரியாமப் போகும்?"

"அப்போ ஏன்டீ வரல?"

கத்தரியைக் கீழே வைத்தாள். "பயம்மா. வாய் இழுத்துக்கிச்சு, டயப்பர் போட்டிருக்கு, தமிழே வரலன்னு நீ சொல்லச் சொல்ல, அதைப் பார்க்கக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. நீ வராதேன்னு சொன்ன. நல்லதாப் போச்சுன்னு டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டன்னு தெரிஞ்சும் சொல்லல. சொன்னா வரணுமே."

ஒரு நிமிஷம், கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது. பாரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று இருந்தது. அடுத்த நிமிஷமே அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று உறைத்தது. ஏழு வாரம் ஒருத்தி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறாள். கேட்டுப் புரிந்துகொண்டவள் அங்கேயே இருந்துவிட்டாள், பக்கத்தில் இருந்தவள் புரிந்துகொள்ளவில்லை. இருவருக்கும் நடுவில் செடி இரண்டாகப் பிரிந்து பேப்பரில் கிடந்தது. ஆளுக்கு நாலு நாலு தண்டு. எது பெரிது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அவள் புதுத் தொட்டியில் கரியை நிரப்ப ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"கடைசியா எப்போம்மா அதைச் சொன்னா?"

"வியாழக்கிழமை காலைல. ராகிக் கஞ்சி குடுக்கும்போது. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

இதை நான் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"'சரிக்கா, அவளை வரவே விட மாட்டேன், நீ நிம்மதியா இரு'ன்னு சொன்னேன்."